உஷார்! பெயின்ட் வாசனை அடிக்கும் பழைய படகு

என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நீலமும் வெள்ளையுமாகப் பளபளக்கும் பதினெட்டு அடி பைபர் படகு, பின்னால் அவுட்போர்டு எஞ்சின். கீழே எழுதியிருந்தான்: "மாமா, எஞ்சினோட சேத்து எம்பதாயிரம்தான் கேக்காங்க. பிளவக்கல்லுக்குக் கொண்டாந்துட்டா ஒரே சீசன்ல போட்ட காசை எடுத்துரலாம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. படகு பழசு என்பதால் இல்லை. அந்தப் பெயின்ட் அவ்வளவு புதுசாக இருந்ததால்.

இந்த ஆசை அவன் ஒருவனுக்கு மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. 2025 ஜூனில் 'ஏங்க' என்று கூப்பிட்டு எங்கள் பக்கத்துக் கூமாபட்டியைக் காட்டிய வீடியோக்கள் பரவிய பிறகு, வத்திராயிருப்பு ரோட்டில் எங்கெங்கிருந்தோ வண்டிகள் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் மலையைப் பார்த்தார்கள், பிளவக்கல் பெரியாறு அணையைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள். "போட்டிங் இல்லையா?" என்று கேட்டார்கள். கேள்வி காதில் விழுந்த நாளிலிருந்து நம்ம பக்கத்துப் பையன்கள் மனசுக்குள் படகு ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரம். அங்கே கரையோரம் கவிழ்த்துப் போட்ட பழைய பைபர் படகுகளுக்குக் குறைவில்லை. லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்து, லேத் பட்டறையில் எஞ்சினைச் சரிபண்ணிவிடலாம் என்பது கணக்கு. கணக்கு சுலபமாகத் தெரிகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

நான் மில் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். எஞ்சின், பம்ப், மோட்டார் எல்லாம் கைப்பழக்கம். அந்தத் தைரியத்தில் அவனுடன் நானும் படகைப் பார்க்கப் போனேன். நல்லவேளை, தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு ஓடாவியையும் கூட்டிக்கொண்டோம். ஓடாவி என்றால் படகு கட்டுகிற தச்சர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், இடது பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு, ஒட்டுப் போட்டுத் தேய்த்த இடம். அதை விரலால் தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் போனார். எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியல் காம்பால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே 'டங் டங்' என்று கேட்டது. எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழே வந்ததும் 'தொப் தொப்'. ஈரச் சாக்கைத் தட்டியது மாதிரி.

"தம்பி, உள்ள பலகை செத்துப் போச்சு" என்றார்.

விஷயம் இதுதான். பைபர் படகு என்றாலும் முழுக்க பைபர் இல்லை. பல படகுகளில் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகையை வைத்து, இரண்டு பக்கமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். எஞ்சினுக்காகப் போட்ட போல்ட் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். போர்வைக்குள் இருக்கும் பலகை ஈரத்திலேயே ஊறி, மக்கி, கடைசியில் விரலால் நசுக்கும் பதத்துக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெயின்ட் அடித்துவிட்டால் சுத்தமாகவே தெரியாது. கரையில் நிற்கும்வரை எஞ்சின் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரில் முழு வேகம் வைத்ததும் அந்தத் தள்ளுவிசை முழுக்க அந்தப் பலகையில்தான் விழும். பலகை விட்டுக்கொடுத்தால் எஞ்சின் அணைக்குள் போகும். அது போன வழியாக அணைத் தண்ணீர் படகுக்குள் வரும்.

அடுத்தது தரை. படகின் தளத்தில் நடந்து பாருங்கள். எங்காவது மெத்தையில் மிதிப்பது போல அமுங்கினால் அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்கள் போய்விட்டன என்று பொருள். அதைவிட மோசமானது நுரை. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்கத்தான் தளத்துக்கு அடியில் நுரை அடைக்கிறார்கள். வருடக்கணக்கில் மழையில் கிடந்த படகில் அந்த நுரையே தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு கன அடி இடத்தில் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பத்துக் கன அடி நுரை முழுக்க ஊறினால் நாலு ஆள் எடையைத் தளத்துக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். நாலு பேர் படகு என்று நினைத்து நாலு பேரை ஏற்றும்போது, ஏற்கெனவே நாலு பேர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பாற்ற வேண்டிய நுரைதான் முதலில் இழுத்துக்கொண்டு போகும். ஒரு சதுர அடி தளத்தை வெட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். சம்மதித்தால், கிடைக்கும் நுரையைக் கையில் பிழிந்து பாருங்கள். போதும்.

எஞ்சினில் நம்மூர் மெக்கானிக்குகள் ஏமாறுவது எங்கே என்று அன்றைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நானும் ஏமாந்தேன். விற்பவர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார், எஞ்சின் பாடியது. எனக்குச் சந்தோஷம். ஓடாவிதான் கேட்டார்: "நாங்க வாறதுக்கு முன்னால ஓட்டுனீங்களா?" எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது என்பதை மறைக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆகவே போனதும் முதல் வேலை, எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் டீக்கடையில் உட்கார்ந்து, ஆறிய பிறகு வந்து இழுக்கச் சொல்லுங்கள்.

ஓடும்போது பின்பக்கம் சின்னத் துவாரத்திலிருந்து பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அது. அது சொட்டுச் சொட்டாக வந்தால், தண்ணீர் ஏற்றும் ரப்பர் சக்கரம் போயிருக்கலாம். அது மாற்றக்கூடியது. உள்வழிகள் கடல் உப்பில் அடைத்துப் போயிருந்தால் கதையே வேறு. கடலில் ஓடிய எஞ்சினை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாமல் போட்ட எஞ்சினுக்குள் உப்பு அலுமினியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். பெயின்ட் அடித்த மூடிக்குள் அதுவும் தெரியாது. கீழ்ப்பக்கத்து கியர் பெட்டியின் திருகைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெயை ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. புரொப்பல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றி, ஆயில் சீலை அறுத்திருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளக்க ஒரு மீட்டர் கொண்டுபோங்கள், நம்ம பட்டறைகளில் இருக்கிறது. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சினுக்குக் கொடுக்கும் விலை இரும்பு விலைதான்.

பெட்ரோலிலும் உஷார். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் டாங்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனியாக இறங்கி நிற்கும். எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான், நடு அணையில் நின்றுபோகும். பழைய காலத்து ரப்பர் குழாய்களையும் அது இளக்கிவிடும். கசிந்தால் பெட்ரோல் ஆவி மேலே போகாது, காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். ஆட்டோ எஞ்சின் பழசு கிடக்கிறது, அதைப் படகுக்குள் வைத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சாலையில் ஓடும் வண்டியின் ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பொறி வெளியே வராமல் தடுக்கும் அமைப்பு கிடையாது. ரோட்டில் அடியிலிருந்து ஆவி வெளியேறிவிடும். படகுக்கு அடியில் ஓட்டை இல்லை.

பட்டறையில் ஒட்டுப்போடப் போகிறவர்களுக்கு ஒன்றைக் கத்திச் சொல்ல வேண்டும். ரெசின் வாங்கும்போது கூடவே இரண்டு குப்பி கொடுப்பார்கள். ஊதா நிறத்தில் கோபால்ட், தண்ணீர் மாதிரி இருக்கும் ஹார்டனர். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர், அதுவும் கிலோவுக்கு பத்து முதல் இருபது மில்லி. சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மருந்துக் கலவை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். காய்ந்த பைபரைத் தேய்க்கும் தூசி நுரையீரலுக்குள் போனால் லேசில் வெளியே வராது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், துண்டு போதாது. ஈரமான பலகை மேல் போட்ட ஒட்டு பிடிக்கவே பிடிக்காது. பழைய படகை முழுக்கக் காயவைக்க வாரக்கணக்கில் நிழலும் காற்றும் வேண்டும். அவசரப்படுத்துகிறவர்கள் ஈரத்தை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள்.

இதுவரை சொன்னது பணத்துக்கும் ஒரு ஆளின் உயிருக்கும் ஆன விஷயம். இனிமேல் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேரளம், மலப்புறம் மாவட்டம், தானூர். 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை, இருட்டும் நேரம். 'அட்லாண்டிக்' என்று பெயர் வைத்த ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். அந்தப் படகு சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டதே இல்லை. மீன்பிடிப் படகாக இருந்ததை வாங்கி, மாற்றி, மேலே மாடி வைத்து, ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பழைய மீன்பிடிப் படகு, கொஞ்சம் வெல்டிங், கொஞ்சம் பைபர், நல்ல பெயின்ட். என் தங்கை மகன் போட்ட திட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

மாடி வைத்தால் என்ன ஆகும்? இடுப்பில் இருக்கும் குடத்தைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாரம் மேலே போகப் போக, லேசாகச் சாய்ந்தாலும் நிமிர முடியாது. மீன்பிடிப் படகில் பாரம் அடியில் கிடக்கும்: வலை, ஐஸ், மீன். அதற்கு ஏற்ற மாதிரிதான் ஓடாவி அதன் வயிற்றை வளைத்திருப்பார். நீங்கள் வெயிலுக்கு ஒரு தகரக் கூரை போட்டு, சீட்டுப் போட்டு, ஆட்களை நிற்க வைத்தால் அது வேறு கலம். அடியில் நாலு விரல் தண்ணீர் தேங்கினால் இன்னும் ஆபத்து. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். நம்ம மலைக்கு அந்தப் பக்கம்தான் தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' அங்கே கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது அரசு நிறுவனத்தின் படகு, புதுசு, இரண்டடுக்கு. புதுப் படகே பாரமும் சாய்வும் கூடியபோது தாங்கவில்லை. கரையில் மிருகம் தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவது மனித சுபாவம். பிளவக்கல்லில் மட்டும் மாறிவிடுமா? நம்ம பழவேற்காடு ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் அன்று 22 பேர். குஜராத் வதோதராவில் 2024 ஜனவரி 18 அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். எல்லாம் கரை கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர். அலை இல்லையே என்கிற நினைப்பில்தான் லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

பிளவக்கல்லின் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியாறு அணை சுமார் 47 அடி. அதற்குப் பக்கத்திலேயே கோவிலாறு அணை. இது வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்ளும் முல்லைப் பெரியாறு இல்லை, நம்ம மலையில் பிறந்து நம்ம கண்மாய்களை நிரப்பும் சின்ன ஆறு. சின்ன ஆறு என்பதுதான் ஆபத்து. மேலே மலையில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே செந்தண்ணீர் இறங்கிவிடும். சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். 2015 மே மாதம் அந்த மலையின் ஓடை வெள்ளத்தில் பக்தர்கள் இறந்ததை வத்திராயிருப்பு மறந்திருக்காது. நீர்மட்டம் ஏறி இறங்கும் அணையில், கரையோரம் மூழ்கிய மரக்கட்டையும் பாறையும் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. மதகு திறந்திருக்கும்போது அதன் பக்கம் இழுக்கும் தண்ணீரில் நின்றுபோன எஞ்சினோடு மிதப்பதை நினைத்துப் பாருங்கள். கடல் படகை நன்னீரில் விட்டால் கொஞ்சம் கூடுதலாகவே அமுங்கும். ஆயிரம் கிலோவுக்கு சுமார் 25 லிட்டர் அளவு. சின்ன வித்தியாசம்தான். ஊறிய நுரையும் தகரக் கூரையும் கூடுதலாக இரண்டு ஆளும் சேர்ந்த படகுக்கு அது சின்னது இல்லை.

"மீன்வளத் துறையில பதிவு இருக்கு மாமா, பேப்பர் பக்கா" என்றான் மருமகன். அந்தப் பதிவு 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கடலில் மீன் பிடிக்கக் கொடுத்தது. அதைக் காட்டி அணையில் ஆள் ஏற்ற முடியாது. உள்நாட்டு நீர்நிலையில் எஞ்சின் பூட்டிய கலத்துக்கு 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி தனியாக ஆய்வுச் சான்று வேண்டும், பதிவு வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று வேண்டும், காப்பீடு வேண்டும். அணை நீர்வளத் துறையுடையது. மலையும் காடும் 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். துறைகளின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு துடுப்பைக்கூட அங்கே இறக்க நினைக்காதீர்கள். "கேட்டுக்கலாம், பேசிக்கலாம்" என்று சொல்லும் ஆளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பேப்பர் விஷயத்தில் இன்னொன்று. பீடி இலை, மஞ்சள் கடத்தலில் பிடிபடும் பைபர் படகுகளைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோம். நீங்கள் மலிவாக வாங்கும் எஞ்சின் வழக்கில் சிக்கியதாகவோ திருட்டுப் போனதாகவோ இருந்தால், போலீஸ் வரப்போவது உங்கள் வீட்டுக்கு. எஞ்சின் எண் ராவி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் கொடுத்து விசாரியுங்கள். மானியத்தில் வாங்கியதா, விற்க நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். பெயர் மாற்றாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அதற்குள் ஐயாயிரம் கைமாறியிருந்தது. எனக்குச் சொல்லாமல் கொடுத்திருந்தான். ஓடாவி தட்டிக் காட்டிய பிறகு விற்பவர் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை. சாத்தூர் தாண்டும்போது, "எம்பதாயிரம் போகலையே மாமா" என்றான். நான் அவன் தோளைத் தட்டினேன். எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் கணக்கில் முதல் ரவுண்டுக்கு ஏற்றப்போவதாகச் சொன்னது என் தங்கையையும் அவள் பேத்தியையும்.

சொந்தத் தோப்புக் கிணற்றிலோ, அனுமதி உள்ள இடத்திலோ, உங்கள் ஒருவரின் ஆசைக்காகப் படகு செப்பனிடுவதை நான் தடுக்கவில்லை. நல்ல கைவேலை அது. ஆனால் முதலில் ஆள் ஏறாமல், ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, கரையில் கட்டி, அரை நாள் விட்டுப் பாருங்கள். பிறகு முழுக்கத் தண்ணீர் நிரப்பி, நிமிர்ந்து மிதக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் எஞ்சினைத் தொடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் பழசாக வாங்கவே வாங்காதீர்கள்.

போன வாரம் வேறொரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பதினெட்டு அடி பைபர் படகு, இந்த முறை பச்சையும் மஞ்சளும். எழுபதாயிரம், எஞ்சினோடு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அணியத்தின் இடது பக்கம், உள்ளங்கை அகலத்தில், அதே தழும்பு. அந்தப் படகை யாராவது உங்களிடம் காட்டினால், பின்பலகையில் எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழே தட்டிப் பாருங்கள்.